கறைபடாத எண்ணாடை

மலைமுடியில் முகில் தங்கும் வெண்குன்ற நாட்டை ஆளும் ஆதிநெடுமுடியரின் திருவோலக்கத்திலிருந்து, கல்விச்சாலைகளின் அமைச்சர் நல்லமங்கையார் விடுக்கும் ஓலை. ஆம்பற்சாலைத் தலைவர் பொறையனார் கைக்கு எய்துக. தங்கள் சாலையில் நூலும் சோறும் குறையாதிருக்க. மாணாக்கர் நலம் பெறுக.

தாங்கள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. ஆணும் பெண்ணும் கலந்தாடும் வளைப்பந்தில் நிகரற்று விளங்கியவர் சாலையை நீங்கும்போது, அவர் கடைசி ஆட்டத்தில் அணிந்த எண்ணாடையைத் துவைக்காமல், வேர்வையும் மண்ணும் குருதியும் படிந்தபடியே ஆடரங்கின் உத்தரத்தில் தூக்கிவைப்பதும், அவ்வெண்ணைப் பின்னர் எவரும் அணியாதிருப்பதும் நம் வழக்கம். பிழை செய்தவரின் எண்ணை நடுவர் தம் இரு கை விரல்களால் உயர்த்திக் காட்டுவதால், பத்துக்கு மேல் எண் கிடையாது. அவற்றுள் நான்கு முன்பே மேலே ஏறிவிட்டன; இப்பருவ முடிவில் ஐந்தாவதும் ஏறியது. ஐவர் ஆடுவதற்கு ஐந்தே மீந்தன. இந்நிலையில் அரசரின் தமக்கை மகன் அதிவல்லபரின் எண்ணையும் தூக்க ஆணை பிறந்துள்ளது. ஒரு பருவம் முழுதும் ஆடாமல் அணியின் பலகையில் அமர்ந்திருந்தவர் அவர். ஆகவே மேலே உள்ளவற்றுள் ஒன்று இறங்கியாக வேண்டும். எதை இறக்குவது என்று அரசவை ஆராய்ந்தபோது, அரண்மனையில் ஏனென்று கேட்க ஆளில்லாத குயவர் மகள் சாத்தியின் ஏழாம் எண்ணே எல்லார் வாயிலும் வந்தது.

இவ்வோலை விடுக்கும் அமைச்சர் சாத்தியோடு ஒரே அணியில் ஆடியவர் என்பதைத் தாங்கள் அறிவீர். முழங்கால் முறிந்து தரையில் கிடந்தபடியே சாத்தி தள்ளிவிட்ட பந்தைத்தான் அவர் வளையத்தில் இட்டார். அண்டை நாட்டுச் சாலை தோற்றது. இருவர் எண்களும் உத்தரம் ஏறின. ஆதலால் தம் எண்ணை இறக்குமாறு அவர் அரசரிடம் விண்ணப்பித்தார். எண்ணை இறக்கினால் அமைச்சரையே இறக்கியதாக ஊர் பேசும் என்று அரசர் நகைத்து மறுத்தருளினார். அப்போது அமைச்சரின் நெஞ்சில் முதலில் எழுந்தது ஆறுதல். துயரம் பிறகே வந்தது. வந்தும் அந்த ஆறுதலை அது வெளியேற்றவில்லை.

இதைச் சொல்லப் பிறரை அனுப்ப மனம் ஒப்பாமல் அவரே சூளைக்குச் சென்றார். சாத்தி களிமண் கையோடு நொண்டியபடி எழுந்துவந்து, "வாங்க அமைச்சரம்மா, பானை பார்க்கவா?" என்றாள். செய்தியைக் கேட்டதும் மரியாதையை விட்டுவிட்டாள்.

"உன்னதையும் கேட்டாங்களா மங்கை, இல்ல என்னது மட்டுந்தானா?"

தாம் விண்ணப்பித்ததை அமைச்சர் கூறினார்.

"கேட்டுப் பார்த்தியாக்கும்," என்றாள் சாத்தி. வேறெந்தச் சொல்லும் அமைச்சரை அவ்வளவு துல்லியமாகத் தைத்திருக்காது.

தொங்கும் தன் ஆடையைத் தான் கண்டதே இல்லை என்பதையும் அவள் அப்போதுதான் சொன்னாள். "ஒருதரம் வந்தேன். யாரைப் பார்க்கணும்னு காவக்காரன் கேட்டான். என்னைத்தான் பார்க்க வந்தேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? திரும்பிட்டேன். எறக்கினா எங்கிட்டயே குடுத்திருங்க. தொவைச்சுத் தொலைச்சிடாதீங்க."

இனி, தங்கள் ஓலையின் இறுதியில் உள்ள ஐயம். அதிவல்லபரின் ஆடை ஒருநாளும் மண் காணாததால், மற்றவற்றின் நடுவே அது பளிச்சென்று தெரியும் என்றும், சிறிது செம்மண் தேய்த்து, ஆட்டுக் குருதி தெளித்துத் தூக்கலாமா என்றும் வினவியுள்ளீர்.

தேய்க்க வேண்டா. தெளிக்கவும் வேண்டா. வழக்கம் வழுவாமல், அவ்வாடை கடைசி ஆட்டத்தில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே, சாத்தியின் ஆடை இருந்த இடத்தில், அமைச்சரின் ஆடைக்கு அருகிலேயே தூக்குக. அன்று அரங்கின் கதவுகள் திறந்திருக்க. குயவர் தெருவிலிருந்து எவர் வரினும், யாரைப் பார்க்க வந்தீர் என்று வாயிலில் கேளாது விடுக. அண்ணாந்து பார்க்கும் கண்கள் இரண்டு ஆடைகளையும் சேர்த்தே பார்க்கட்டும். இறக்கிய ஏழாம் எண்ணாடையைத் தாங்களே சுமந்துசென்று சாத்தியின் கையில் தருக. அதன் கறையில் துளி நீர் படினும் குற்றம் தங்களைச் சாரும்.

இது ஆணை. வேங்கைப்பூ இலச்சினை இடப்பட்டது.