எக்ஸ்ரே அறை வாசலில் நான் மீன் விற்கவில்லை

அனுப்புநர்:
வே. சொர்ணம்,
மீன் வியாபாரம்,
நொச்சிக்குப்பம், சென்னை – 4.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
செங்கழுநீர் குழந்தைகள் மருத்துவமனை,
ராஜா அண்ணாமலைபுரம், சென்னை – 28.

பொருள்: மருத்துவமனைக்குள் மீன் விற்றதாக என்மீது போட்ட தடையை வரும் 23-ஆம் தேதிக்குள் நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மரியாதைக்குரிய ஐயா,

வணக்கம். கோபமாக இருக்கிறேன், ஆனாலும் வணக்கம்.

1. சென்ற 16-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை என் மகள் பொன்மணி (வயது இரண்டரை) வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்தாள். சிரிக்க வைத்தவர் என் கணவர் வேலு. அவரைப் பற்றித் தனி மனுவே எழுதலாம். பிள்ளைக்குப் புரையேறி, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் விசில் அடித்தது. ஆட்டோ பிடித்துத் தங்கள் அவசரப் பிரிவுக்கு ஓடி வந்தோம்.

2. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கியது காசு என்றால் படத்தில் விழும், கடலை விழாது என்றார் டாக்டர் மதுவந்தி அம்மா. மூச்சை வெளியே விடும் நேரத்தில் இன்னொரு படம் எடுத்தால், அடைத்த பக்கம் மட்டும் காற்று இறங்காமல் உப்பி நிற்கும், அதை வைத்துப் பிடித்துவிடலாம் என்று எனக்கும் புரியும்படி சொன்னார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

3. மூச்சை விடு என்றால் இரண்டரை வயதுப் பிள்ளை விடுமா? அழ வைத்தால் விடும் என்றார்கள். மற்ற நாளெல்லாம் ஊரைக் கூட்டுகிறவள் அன்றைக்குப் பார்த்து அழவில்லை. ஊசியைக் காட்டினார்கள், சும்மா பார்த்தாள். எக்ஸ்ரே எடுக்கும் ஜெயராம் சார் கண்ணை உருட்டி மிரட்டினார், அதற்குச் சிரித்தாள். உதடு மட்டும் நீலம் பாரித்துக்கொண்டே வந்தது.

4. தினமும் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு, "வஞ்சிரம் கீது, சங்கரா கீது, நெத்திலி கீது" என்று கூவியபடிதான் வீட்டை விட்டுக் கிளம்புவேன். அந்தக் குரல் கேட்டால் அம்மா போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் தவறாமல் அழுவாள். ஆகவே எக்ஸ்ரே அறை வாசலுக்குப் போய் அடிவயிற்றிலிருந்து கூவினேன். உள்ளே வீறிட்டாள். ஜெயராம் சார் பொத்தானை அழுத்திவிட்டார். வலது பக்கம் உப்பி நின்றது படத்தில் தெரிந்தது. அன்றே குழாய் விட்டுக் கடலையை எடுத்தார்கள்.

5. நான் கூவியதைக் கேட்டுத் தங்கள் காவலர் ஓடி வந்து, "இன்னாம்மா, ஆஸ்பத்திரிய மார்க்கெட்டுன்னு நெனச்சிக்கினியா?" என்றார். நான் மீன் விற்றதாகப் பதிவேட்டில் எழுதி, பிள்ளை வீடு திரும்பிய பிறகு என்னை உள்ளே விடக் கூடாது என்றும் எழுதிவிட்டார். என் கையில் கூடையும் இல்லை, மீனும் இல்லை. வார்டு ஆயா ஒருவர் தூக்குச்சட்டியோடு வந்து, "எக்கா, நெத்திலி ஃப்ரெஷ்ஷா கீதா?" என்று கேட்டது உண்மை. அதற்கு நானா பொறுப்பு? காவலரைப் பற்றி நான் சொன்ன வேறு சில சொற்களை, இம்மனுவை எழுதித் தரும் இனாயத் பாய் எழுத மறுத்துவிட்டார்.

6. நுரையீரல் சரியாகிவிட்டதா என்று பார்க்க 23-ஆம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடியும் அதே மாதிரி அழவிட்டுப் படம் எடுக்க வேண்டும். பிள்ளையோடு வேலுவை மட்டும்தான் உள்ளே விடுவாராம் காவலர். வேலுவைப் பார்த்தால் பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வரும். சிரித்துத்தான் இவ்வளவும் ஆயிற்று.

7. தினமும் அவளை அழவிட்டுப் போகும்போது, நானெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டு போவேன். அந்த அழுகைதான் அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது. ஆகவே தடையை நீக்கி, எக்ஸ்ரே அறை வாசலில் ஐந்து நிமிடம் கூவ எனக்கு எழுத்து மூலம் அனுமதி தரும்படி மிகவும் பணிந்து வேண்டுகிறேன். யார் விலை கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன்.

அனுமதி வராவிட்டாலும் 23-ஆம் தேதி வருவேன். கேட்டுக்கு வெளியே, ரோட்டில் நின்று கூவுவேன். ரோடு தங்கள் பதிவேட்டில் வராது. என் குரல் எக்ஸ்ரே அறை வரை வரும்.

நாள்: 19.7.1996
இடம்: நொச்சிக்குப்பம்

இப்படிக்கு,
பொன்மணியின் அம்மா,
வே. சொர்ணம்