காங்கோவுக்குத் தண்டலம் என்று பெயர் வைத்தவனே

கார்பன் தாள் வாசனை வீட்டைவிட்டு இன்னும் போகவில்லை. செவ்வாய்க்கிழமை உன் மகள் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே நீ போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள், இருபத்தைந்து வருஷத்து மனுக்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதி முடித்தும் கொடுக்காத ஒன்று.

"அப்பா எழுதி வச்சிட்டுப் போய்ச் சேந்துட்டாரு மாமா. நாம போய்க் குடுத்துட்டு வந்துடலாமா? எப்பவும் நீங்கதான கூடப் போவீங்க" என்றாள்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. இருந்தபோது சொல்லத் துப்பில்லாததை இப்போது எழுதுகிறேன். செத்தவனிடம் சொல்வதில் என்னடா வீரம் என்று கேட்பாய். கேள், கேட்டுக்கொள்கிறேன்.

நீ ஸ்டோர்ஸ், நான் ஃபிட்டர். வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு அந்த வார்ப்பட ஆலையில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நீதான். ஞாயிறு காலை சுங்குவார்சத்திரம் டீக்கடையின் பின்பக்கம் ஏழு பேர் கூடுவோம். கால்கூட வைக்காத ஆப்பிரிக்காவை ஐரோப்பாக்காரன் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கோடு கிழித்துப் பங்கு போட்ட கதையை நீ சொல்வாய். நம் ஆட்களுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. இன்னாப்பா, எது ஆறு எது ஊருன்னே தெரியல என்று கையை விரித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் வரும்போது வரைபடத்தில் ஆப்பிரிக்கப் பெயர்களை அடித்துவிட்டு நம் பக்கத்து ஊர்களை எழுதிக்கொண்டு வந்தாய். ரப்பர் காடு ஒரகடம் ஆனது. ரயில் போட்டு அள்ளிக்கொண்டு போய்க் கப்பலேற்றிய துறைமுகம் மெட்ராஸ். காங்கோவின் தலைநகரம் தண்டலம், நாளடைவில் காங்கோவே நமக்குத் தண்டலம்தான். விழுந்து விழுந்து சிரித்தோம், ஆனால் புரிந்தது. ஏரித் தண்ணீரை எவன் எந்தப் பக்கம் திருப்புகிறான் என்று தெரிந்தவனுக்கு இது புரியாதா?

வெள்ளைக்காரன் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றியதோடு கணக்கு தீர்ந்தது என்று நான் உன்னோடு மல்லுக்கு நின்றேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாய்: "எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திக்கினு போனவன், பயத்த மட்டும் இங்கியே வுட்டுட்டுப் போயிட்டான்டா."

எட்டு வருஷம் இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதினாய். கென்யா, கானா, காங்கோ, நடுவில் நம் உப்பும் நம் கதரும். தொண்ணூற்றொன்றில், ஏப்ரல் கடைசியில், அச்சுக்குக் கொடுக்க நல்ல பிரதி எடுத்துத் தரச்சொல்லி என்னிடம் கொடுத்தாய். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம்.

மே மாதம் நம் ஊரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த அந்தத் தலைவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். மறுநாள் விடிந்ததிலிருந்து தெருவெல்லாம் ஜீப். லாட்ஜில் தங்கியிருந்தவன், புதிதாகக் குடிவந்தவன், கூட்டம் போட்டுப் பேசுகிறவன் என்று ஒருவரையும் விடவில்லை. மூன்றாம் நாள் ஆலை வாசலிலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் வீட்டுக்கு ஓடிவந்து நோட்டைப் பிரித்தேன். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாமல் கொல்லப்பட்ட காங்கோ பிரதமரைப் பற்றிய அத்தியாயம் இருந்தது. 'தலைவரைத் தீர்த்த வழி' என்று தலைப்பு. கீழே படம். சுங்குவார்சத்திரத்தில் மடக்குகிறார்கள், தண்டலத்தில் அடைக்கிறார்கள், ஒரகடத்தில் சுடுகிறார்கள். எல்லாம் உன் கையெழுத்தில், சிவப்பு மையில், அம்புக்குறி போட்டு. இதைப் படித்து எந்தப் போலீஸ்காரன் காங்கோ என்று நினைப்பான்?

வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் படம் போட்ட பக்கங்களை மட்டும் கிழித்துப் போட்டால் போதாதா என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை. படம் இல்லாத பக்கங்கள்தான் பாதிக்கு மேல். அவற்றையும் போட்டேன். அட்டை வேகமாக எரியவில்லை என்று குச்சியால் குத்திவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து வந்தாய். இடது காது கேட்காமல் போயிருந்தது. டீக்கடைக்கு யார் யார் வருவார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். எங்களில் ஒருவன் பெயரும் உன் வாயிலிருந்து வரவில்லை. இதை நீயாகச் சொல்லவில்லை, எங்கள் யார் வீட்டுக்கும் ஜீப் வராததை வைத்து நாங்கள் தெரிந்துகொண்டோம். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நோட்டு பத்ரமா கீதுல்ல?"

ரோட்டில் சோதனை போட்ட போலீஸ் என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். உன்னை அடித்த கையின் மேலேயே பழியைப் போட்டேன், நீ சந்தேகப்பட வழியே இல்லை.

அதோடு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ மனு எழுத ஆரம்பித்தாய். வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் இரண்டு. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்படி ஒரு நோட்டு எங்கள் பதிவில் இல்லை என்று ஒவ்வொருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். பொய் சொல்றானுங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வருவாய். என் மொபெட்டில்தான் ஏறுவாய். மனுவில் 'தாழ்மையுடன்' என்று ஒருநாளும் எழுத மாட்டாய். என் பொருளைக் கேட்பதற்கு நான் எதற்குக் குனிய வேண்டும், குனிகிற அந்தப் பழக்கமும் வெள்ளைக்காரன் விட்டுப்போனதுதான் என்பாய்.

நான் செய்த பெரிய பாவம் எரித்தது இல்லையடா. மறுபடி எழுது என்று நாங்கள் எத்தனை தரம் சொன்னோம். நோட்டுதான் வந்துடப் போவுதே என்று தள்ளிப்போட்டாய். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் என்னை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, மூன்றாம் நாள் புது நோட்டு வாங்கியிருப்பாய். எனக்குத் தெரியும், உன்னை எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்தன, நம் ஏழு பேரின் பிள்ளைகளும் கம்பெனி பஸ் ஏறினார்கள். இல்லாத நோட்டுக்காக நீ காத்துக்கொண்டே இருந்தாய்.

அந்தக் கடைசி மனுவைப் படித்தேன். 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று இருந்தது. கீழே இன்னொரு தரமும் இருந்தது.

அதற்கு மேல் தாங்கவில்லை. உன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் காப்பியைத் தொடாமல் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது மட்டும் சொன்னாள்: "நீங்க கூட வர்றதாலதான் அந்த ஸ்டேஷன் படி ஏறவே தெகிரியம் வருதுன்னு அப்பா சொல்லுவாரு மாமா."

பையை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினேன். நினைவில் இருப்பதை எழுதுகிறேன். உன் எட்டு வருஷத்தில் என்னிடம் மிச்சம் இருப்பது நான்கு பக்கம். காங்கோவுக்குத் தண்டலம் என்றே போட்டிருக்கிறேன், சிவப்பு மையில்தான். ஆனாலும் வாசலில் ஏதாவது வண்டி வந்து நின்றால் நோட்டை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.