மண்டோர் திட்டுவதை நிறுத்திவிட்டார்

நாலாம் லயம், மூன்றாம் டிவிஷன்,
பத்தாங் பெர்ஜுந்தாய் வழி, சிலாங்கூர்.
19 ஆகஸ்டு 1984

என் அக்கா பெற்று, நான் வளர்த்துக் கெடுத்த அருமை மருமகள் நவமணிக்கும், மூன்று வயதிலேயே பினாங்குத் தீவை ஆட்டிவைக்கும் பேத்தி கங்காவுக்கும், நாலாம் லயம் என்னும் வீட்டு வரிசையின் சக்கரவர்த்தியும் அதன் நிதி மந்திரியும் தலைமைச் சமையல்காரனுமான உன் மாமன் உடையப்பன் எழுதுவது. எனக்கு இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது, நான்தான் தைலம் தடவிச் சமாதானம் பண்ணி வைத்திருக்கிறேன். அங்கே நீங்கள் இரண்டு பேரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று முனியாண்டியிடம் தினமும் சொல்லி வைக்கிறேன், அவருக்கே காது வலித்திருக்கும்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு தரம் படித்தேன். ராத்திரி ரேடியோ பேக்டரி வேலைக்குப் போகும்போது பாப்பா காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியில் ஏதோ தூசி விழுந்துவிட்டது, துடைத்துவிட்டுத்தான் மேலே படித்தேன். அறை வாடகை, பாப்பாவைப் பார்த்துக்கொள்கிற அம்மாவுக்கு, பஸ்ஸுக்கு, பால்மாவுக்கு என்று போனால் கையில் நிற்பது ஒன்றுமில்லை, அங்கே வந்தால் வீடு சும்மா, பிள்ளை பார்க்க ஆயாக் கொட்டகை சும்மா, வள்ளியம்மாக்கா எழுதுகிற மாதிரி ரப்பர் மரத்தில் பாலும் கொட்டுகிறது என்றால் நான் ஏன் மாமா இங்கே கிடந்து சாகணும் என்று கேட்டிருக்கிறாய். நீ போட்ட கணக்கில் ஒரு தப்பும் கிடையாது, உன்னை வளர்த்தவன் யார். கணக்கு சரிதான் தாயி, மரம்தான் சரியில்லை. அதைச் சொல்லத்தான் இந்த உட்கார முடியாத பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்ம லயத்து வள்ளியம்மா பொய் எழுதவில்லை. பால் கொட்டத்தான் செய்கிறது. எப்படிக் கொட்டுகிறது என்றால், மரத்துக்குக் கீழே நாய் படுத்தால் நீந்தித்தான் வெளியே வரவேண்டும். பால் ஏற்றுகிற லோரி மேட்டில் ஏறும்போது அழுகிற சத்தம் கோலா சிலாங்கூர் வரைக்கும் கேட்கும். பகல் பன்னிரண்டுக்கு நின்றுபோகவேண்டிய சொட்டு சாயங்காலம் வரைக்கும் நிற்காமல் விழுகிறது, நாங்கள் இரண்டாம் தரம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். வள்ளியம்மா வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தாகிவிட்டது, பகலில் கரண்டு கிடையாது என்பதால் அதன்மேல் துணி போர்த்தி ஊதுபத்தி காட்டுகிறாள். சன்னாசி மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறான், ஓட்டத் தெரியாது, தள்ளிக்கொண்டே கோயிலைச் சுற்றினான். எல்லாம் மாதத் தவணைதான். பத்தாங் பெர்ஜுந்தாய் சீனன் கடைக்காரன் லோரியோடு லயத்துக்கே வந்துவிடுகிறான், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுக்குப் பெருவிரல் பிடிக்க மையும் அவனே கொண்டுவருகிறான், என்ன மரியாதை பார்.

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். நம்மை எல்லாம் மேய்க்கிற மண்டோர் அப்பளசாமியை உனக்குத் தெரியும். உனக்குப் பதினாறு வயதில் பால் வெட்ட முதல் நிரை மரங்கள் கொடுத்தபோது, கத்தி ஆழமாகப் போய்ப் பட்டையில் நகக்கண் அளவு காயம் பட்டது என்று விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அத்தனை பேர் முன்னாலும் உன் பரம்பரையையே இழுத்துத் திட்டி, அரை நாள் சம்பளத்தையும் பிடித்த மகான். அவர் திட்டினால் மரத்திலிருக்கிற குரங்குகூட மன்னிப்புக் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர் நாலு மாதமாக யாரையும் திட்டவில்லை நவமணி. நிரைக்கு வருகிறார், சிகரெட் பிடிக்கிறார், மரத்தைப் பார்க்காமலே போய்விடுகிறார். போன மாதம் என் கை தவறி ஒரு மரத்தில் கத்தி எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டது, வெள்ளையாகக் கட்டை தெரிகிறது. அவர் பின்னாலேயே நிற்கிறார். நான் குனிந்துகொண்டு திட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் சிரித்துவிட்டு, யோவ் உடையப்பா, காயம் பட்டா பட்டுட்டுப் போவுது, ஆறவா போவுது என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார். முப்பத்தைந்து வருஷமாகப் பால் வெட்டுகிறேன், புலி உறுமிக் கேட்டிருக்கிறேன், ஜப்பான்காரன் பூட்ஸ் சத்தம் கேட்டிருக்கிறேன், அந்தச் சிரிப்புக்குப் பயந்த மாதிரி எதற்கும் பயந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாம் என் கண்ணில் பட ஆரம்பித்தது. வெட்டுக்குக் கீழே பட்டையைச் சுரண்டி ஒரு மருந்து பூசச் சொல்கிறார்கள், அதைப் பூசினால்தான் இந்த வெள்ளம். முன்பு ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கத்துக்கு ஓய்வு, இப்போது இரண்டு பக்கமும் வெட்டு, அது போதாதென்று நீளக்காம்புக் கத்தி கொடுத்துத் தலைக்கு மேலேயும் வெட்டு. எட்டு வருஷம் கழித்து வெட்டவேண்டிய பட்டையை இந்த வருஷமே வெட்டு என்கிறவன், எட்டு வருஷம் கழித்து இங்கே மரம் இருக்கும் என்றா நினைக்கிறான். இது கறவை இல்லை தாயி, அறுக்கப்போகிற மாட்டைக் கடைசியாக ஒட்டக் கறக்கிற வேலை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் டிவிஷனிலும் இப்படித்தான் ஒரு வருஷம் பால் கொட்டியது, அப்புறம் மரத்தைச் சாய்க்கிற எந்திரம் வந்தது, இப்போது போய்ப் பார்த்தால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்றுதான், லயம் இருந்த இடத்தில் கிணற்று வட்டம் மட்டும் இருக்கிறது. ஆயாக் கொட்டகையை நம்பி வருகிறேன் என்கிறாயே, ஆயா சித்திரையில் வேலையை விட்டுப் போய்விட்டாள், புது ஆயா போடவில்லை. போன மழையில் தண்ணீர்க் குழாய் உடைந்ததை இன்னும் வந்து பார்க்கவில்லை. கூரைத் தகரம் கேட்டால் ஆபீசில் எல்லாரும் அவ்வளவு அன்பாகப் பேசுகிறார்கள், அந்த அன்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. தீபாவளி தாண்டுமா, தைப்பூசம் தாண்டுமா, யாருக்கும் தெரியாது, யாரும் சொல்லவும் மாட்டார்கள். நான் வள்ளியம்மாவிடம் சொன்னேன். அவள், மாமா நீங்க ஒரு ஆளுதான் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி மூஞ்ச வச்சிருக்கீங்க, ஊரே சந்தோசமா இருக்குலா என்று சொல்லி ஒரு தட்டுக் கேசரி கொடுத்தாள். கேசரி நன்றாகத்தான் இருந்தது.

ஆகையால் நீ அங்கே வேலையை விடக்கூடாது. நீ எழுந்த நாற்காலியில் அன்றைக்கே வேறொரு பெண் வந்து உட்காருவாள், இங்கே மரமும் சாய்ந்துவிட்டால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவாய். இருக்கிறதை வைத்து நகர்த்துவதற்கு வழி சொல்கிறேன், நிதி மந்திரி பேச்சைக் கேள். சம்பளம் வாங்கினதும் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு முதலில் கொடு. வாடகை தாமதமானால் வீட்டுச் சொந்தக்காரன் உன்னிடம் கத்துவான், கத்திவிட்டுப் போவான். பிள்ளை பார்க்கிறவள் உன்னிடம் கத்தமாட்டாள், அந்தக் கோபம் பிள்ளைமேல் போகும். அப்புறம் அரிசி. அரிசி வீட்டில் இருந்தால் மற்றது எல்லாம் வேடிக்கைதான், உன்னை நான் ஒரு சார்டின் டின்னில் மூன்று நாள் வளர்க்கவில்லையா, முதல் நாள் மீன், இரண்டாம் நாள் குழம்பு, மூன்றாம் நாள் வாசனை. கூட வேலை செய்கிறவர்கள் மாதச் சீட்டு மாதிரி கூட்டுக் கட்டக் கூப்பிட்டால், பணத்தைப் பிடிக்கிற தலை யாரென்று தெரியாமல் சேராதே. ஓவர்டைம் கொடுத்தால் பகல் ஷிப்டு வாரத்தில் செய், ராத்திரி வேலையோடு சேர்த்துச் செய்யாதே, நீ விழுந்தால் அவளுக்கு யார். உன் வயிற்றைக் கட்டிப் பால்மாவு வாங்குகிற வீரமும் வேண்டாம், எனக்குத் தெரியும் நீ அதைத்தான் செய்துகொண்டிருப்பாய், என்னைப் பார்த்து வளர்ந்தவள்தானே.

இன்னொன்று இருக்கிறது, அதை மறைத்தால் வள்ளியம்மா எழுதிவிடுவாள், அதனால் நானே சொல்கிறேன். வருகிற மாதக் கடைசியோடு எனக்கு ஐம்பத்தைந்து வயது. வேலையிலிருந்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்புவார்கள், ஆனால் குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டத்து செக்ரோல் பேரேட்டில் இருந்தால்தான் வீடு. அந்தப் பேரேட்டை எழுதுகிற கிராணி சிவானந்தம் நல்ல பையன், அவனே கூப்பிட்டு, அண்ணே, மருமக பேர எழுதிக்கிறேன், வந்து வெட்டட்டும், வீடு உங்களுக்கே நிக்கும் என்று பேனாவை எடுத்துவிட்டான். அவள் பினாங்கிலே பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள், அவள் இல்லாவிட்டால் உலகத்தில் ஒரு ரேடியோவும் பாடாது, வரமாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவன் இரண்டு தரம் கேட்டான், இரண்டு தரமும் அதையே சொன்னேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அந்த இடத்தில் வேறு பெயர் ஏறியிருக்கும், ஆகவே மாமனுக்காக வருகிறேன் என்று அழுதுகொண்டே பஸ் ஏறினால் பஸ் காசுதான் நட்டம். எனக்கென்ன குறை, பத்தாங் பெர்ஜுந்தாயில் உதுமான் பாய் தன் ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை தருகிறேன் என்றிருக்கிறார், விடிகாலையில் மாவு பிசைந்து கொடுக்கவேண்டுமாம். கட்டில் போட்டால் கதவு சாத்த முடியாது, கதவைச் சாத்தினால் கட்டில் போட முடியாது, ஆனால் அரண்மனைகளில் இதெல்லாம் சகஜம். தவணையில் ஒரு சாமானும் வாங்காத ஒரே மகாராஜா நான்தான், மூட்டை இலேசாக இருக்கும். லயத்தில் மற்றவர்கள் மூட்டைதான் தவணையால் கனக்கிறது. பொழுது சாய்ந்தால் ஊரே தொலைக்காட்சி பார்த்துச் சிரிக்கிறது, அந்தச் சிரிப்பு ஓய்கிறபோதெல்லாம் காட்டுக்குள்ளிருந்து பால் சொட்டுகிற சத்தம் கேட்கிறது.

நீயும் பேத்தியும் நூறு வருஷம் நோய் நொடி அண்டாமல், யாருக்கும் தலை குனியாமல் வாழவேண்டும், அதற்கு மேலும் வாழ ஆசைப்பட்டால் மாமன் அனுமதி உண்டு. கங்காவுக்கு வாரம் ஒரு தரம் எண்ணெய் தேய்த்துவிடு, காதில் விடாதே. பதில் எழுதும்போது லயத்து விலாசம் போடவேண்டாம், இங்கே வந்தால் வாங்க ஆள் இருக்காது. உதுமான் பாய் கடை, பத்தாங் பெர்ஜுந்தாய் என்று மட்டும் போடு, வந்து சேரும்.

என்றும் உன்னோடு இருக்கிற
மாமன்,
உடையப்பன்