சுத்தமாக வைத்திருந்த துப்பாக்கி

அன்புள்ள அண்ணே, எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த தெய்வமே,

உயிரோடு இருந்தவரை உன்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நீ சாமியாகிவிட்டாய். சாமியை யாரும் 'நீங்கள்' என்பதில்லை, அதனால் இனிமேல் 'நீ'தான். கோபம் வந்தால் எழுந்து வந்து ஒரு அறை கொடு, வாங்கிக்கொள்கிறேன்.

நீ வெட்டுப்பட்டுச் செத்து நான்கு மாதம் ஆகிறது. உன்னை வெட்டிய முனியனின் வழக்கு கோலாலம்பூர் பெரிய கோர்ட்டில் நடக்கிறது. நாளைக் காலையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். முனியனுக்குத் தூக்குதான் என்று பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெரு முழுக்கப் பேச்சு. ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்தால் அவன் பிழைப்பான். அந்த ஆள் நான்தான்.

அண்ணி இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். உன் படத்துக்குக் காலையும் மாலையும் விளக்கு ஏற்றுகிறார்கள். ரயில் போகும்போதெல்லாம் சுவர் அதிர்ந்து படம் கோணிக்கொள்கிறது, அண்ணி எழுந்து போய் நேராக்கிவிட்டு வருகிறார்கள். உயிரோடு இருந்தபோது உன்னை நேராக்க எந்த ரயிலாலும் முடியவில்லை, எந்தப் பெண்டாட்டியாலும் முடியவில்லை.

உனக்கு நினைவிருக்கும், நீ கங்காணியாக இருந்த கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் முனியனின் பெண்டாட்டி காய்ச்சலோடு லயத்து வீட்டில் படுத்திருந்தாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் குறைகிறது என்று நீ போய் ஒரு வாளித் தண்ணீரை அவள்மேல் ஊற்றி எழுப்பினாய். "ரப்பர் மரத்துக்குக் காய்ச்சல் இல்லை, உனக்கு என்ன?" என்று கேட்டாயாம். நீயே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது. மூன்றாம் நாள் அவள் பால் வெட்டப் போன மர நிரையிலேயே விழுந்து செத்தாள்.

அதன்பிறகு முனியன் உன்னை ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்கு வந்தான், போனான், உன்னைப் பார்த்தான். அவ்வளவுதான். முந்நூறு பேரை அதட்டி மேய்த்த பெரிய கங்காணிக்கு ஒரு கூலிக்காரன் சும்மா பார்த்தது தாங்கவில்லை. கிள்ளானிலிருந்து ரயிலேறி என்னைத் தேடி வந்து, கதவைச் சாத்திவிட்டு, "டேய், எனக்கு ஒரு துப்பாக்கி வேணும். சின்னதா இருக்கணும். இடுப்புல இருக்கிறது எவனுக்கும் தெரியக் கூடாது. எடுத்தா ஏமாத்தக் கூடாது" என்றாய். உன் குரல் நடுங்கி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பொய் சொல்வானேன், எனக்கு இனித்தது.

தோட்டத்துத் துரையின் கடிதம், போலீஸ் லைசென்ஸ் எல்லாம் நான்தான் எழுதி வாங்கினேன். பிறகு ஜாவா ஸ்திரீட்டில் அந்த வெள்ளைக்காரன் துப்பாக்கிக் கடைக்குப் போனோம். உன் குடையை நான் பிடித்துக்கொண்டு வந்தேன். ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, கோட்டும் டையும் போட்டவன், நடுத்தெருவில் அண்ணனுக்குக் குடை பிடித்தேன். என்கூட வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர் எதிரே வந்தார்கள். குடையை உன் கையில் கொடுக்கப் போனேன், நீ வாங்கவில்லை.

கடைக்காரன் மூன்றை எடுத்து வைத்தான். முதலாவது பெரிய ரிவால்வர். அதை மடியில் சொருகிக்கொண்டு நீ நாலடி நடந்தாய், வேட்டியோடு நழுவி உன் கால்விரலிலேயே விழுந்தது. இரண்டாவது கட்டை ரிவால்வர். அது மடியில் நின்றது, ஆனால் கோட்டை மீறிக் கட்டிபோலப் புடைத்தது. மூன்றாவது தட்டையாக, உள்ளங்கை அளவில், சுண்ணாம்பு டப்பியைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. அதைச் சொருகிக்கொண்டு நடந்தாய், உட்கார்ந்தாய், குனிந்தாய், சாமி கும்பிடுவதுபோலத் தரையில் விழுந்துகூடப் பார்த்தாய். கடைக்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"துரைகிட்டச் சொல்லுடா, இவன் என் தம்பி, நான் படிக்க வைக்கலேன்னா இன்னிக்குப் பால் வாளி தூக்கிட்டிருப்பான்னு சொல்லு" என்றாய். நான் இங்கிலீஷில், "என் அண்ணனுக்குச் சின்னது பிடித்திருக்கிறது" என்றேன். கடைக்காரன் சிரித்தான். நீ சொன்னதைத்தான் மெச்சுகிறான் என்று நினைத்து நீயும் சிரித்தாய். உன்னோடு போன இடமெல்லாம் நான் இப்படித்தான் மொழிபெயர்த்தேன், அண்ணே. உனக்குத் தெரியாது.

ஆனால் கடைக்காரன் நல்லவன். கட்டை ரிவால்வரைத்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னான். இந்த மழைநாட்டில் அது மறந்து கிடந்தாலும் வெடிக்கும், புடைத்தால் புடைக்கட்டும், உயிரைவிடவா என்றான். தட்டையானது நல்ல சாமான்தான், ஆனால் வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்து அவன் கொடுக்கும் எண்ணெயை இரண்டு சொட்டு விட வேண்டும், மேல்பாகத்தைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் குண்டு ஏறும், அந்த இடத்தில் அழுக்குச் சேரவே கூடாது என்று விளக்கினான். இத்தனையும் சொன்னான். நான் உனக்கு ஒரே வரியில் சொன்னேன்: "இதைச் சுத்தமா வச்சிருக்கணுமாம்."

அந்த நேரம் எனக்குக் கை வலித்தது, குடையைப் பிடித்த கை. அதனால்தான் சுருக்கினேன் என்று முதலில் நினைத்தேன்.

அடுத்த மாதம் தோட்டத்துக்கு வந்தேன். துப்பாக்கி எங்கே என்று கேட்டேன். சாமி அறையில், முருகன் படத்துக்குக் கீழே, பட்டுத் துணியில் வைத்திருந்தாய். "நீ சொன்னபடி சுத்தமா வச்சிருக்கேன்டா. கறி தின்ன கையால தொடறதில்லை. உங்க அண்ணி தூரமா இருக்கிற நாள்ல அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டேன்" என்றாய். கடைக்காரன் கொடுத்த எண்ணெயில் மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்று டப்பாவோடு சாக்கடையில் வீசிவிட்டாயாம். அதற்குப் பதில் குத்துவிளக்கிலிருந்து நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்திருக்கிறாய்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சொன்ன சுத்தம் ஒன்று, நீ கேட்ட சுத்தம் வேறு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அண்ணே, அது சாமி இல்லை, மிஷின்" என்றால் போதும். நீ என்னை முட்டாள் என்று திட்டியிருப்பாய், பிறகு கேட்டிருப்பாய். நான் சொல்லவில்லை. அண்ணி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு உன் பக்தியைப் பாராட்டிவிட்டு வந்தேன். திரும்பும்போது ரயிலில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். ஏன் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும், இல்லையா?

ஆயுத பூஜைக்கு நீ வரச்சொன்னாய், வந்தேன். சைக்கிள், பெரட்டுப் புத்தகம், தராசு, நடுவில் துப்பாக்கி. சந்தனத்தைக் குழைத்து அதன்மேல் நீயே அப்பினாய், குங்குமம் வைத்தாய். சந்தனம் இடுக்கில் இறங்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் விஜயதசமி. பொட்டைத் துடைக்க மனம் வராமல் அப்படியே மடியில் சொருகிக்கொண்டு சைக்கிளில் போனாய்.

உன் வீட்டில் தங்கியிருந்த நான்தான் உன் அலறல் கேட்டு முதலில் ஓடி வந்தேன். நீ கானோரம், வாய்க்கால் கரையில், மல்லாந்து கிடந்தாய். முனியன் ஓடவில்லை. பாராங் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உன் பக்கத்திலேயே குந்தியிருந்தான். துப்பாக்கி புல்லில் கிடந்தது. உனக்கு மூச்சு இருந்தது.

"அவன் சும்மாதாண்டா நின்னான்" என்றாய். "கான் வெட்டிக்கிட்டிருந்தான், நிமிந்து பாத்தான். நான்தான் எடுத்தேன். இழுக்கிறேன், இழுக்கிறேன், வரமாட்டேங்குது. அதுக்கப்புறம்தான் வெட்டினான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ தப்புச் செய்த பிள்ளை மாதிரி, "சுத்தமாத்தாண்டா வச்சிருந்தேன்" என்றாய்.

அதுதான் நீ கடைசியாகப் பேசியது. எனக்கு உன்னைப் பிடிக்காது, அண்ணே, எப்போதுமே பிடித்ததில்லை. ஆனால் அந்த இடத்தில் நான் அழுதேன், அதுவும் பொய்யில்லை.

ஆட்கள் வருவதற்குள் துப்பாக்கியை எடுத்து உன் மடியில் திரும்பச் சொருகினேன். கங்காணி துப்பாக்கியை நீட்டியும் கூலிக்காரன் கையால் செத்தான் என்று லயத்தில் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அது ஏன் வெடிக்கவில்லை என்று யாராவது கேட்டால் பதில் என்னிடம் வந்து நிற்கும், அதற்கும் பயந்தேன். முனியன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். உன்னைப் பார்த்த அதே பார்வை.

அவன் போலீசில் உள்ளதைச் சொன்னான். "அவருதான் மொதல்ல எடுத்தாரு, அவரு தம்பி திரும்ப மடியில வச்சாரு" என்றான். கிராணியின் வார்த்தை இருக்கும்போது கூலிக்காரன் வார்த்தையை யார் கேட்கிறார்கள்? கையில் ஒன்றுமில்லாத மனிதனை வெட்டிக் கொன்றான் என்று வழக்கு எழுதினார்கள். துப்பாக்கியின் மேல்பாகம் அசையவில்லை என்பதைக்கூடக் குறித்திருக்கிறார்கள். நீ அதை நெடுநாள் எடுக்கவே இல்லை என்பதற்கு அதையே சாட்சியாக்கிவிட்டார்கள்.

அண்ணிக்கு அதில் ஒரு பெருமை. "மடியில துப்பாக்கி இருந்தும் ஒரு உசுரைப் பறிக்கக் கூடாதுன்னு கை வைக்கலையே அவரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். நேற்று எனக்குச் சோறு போடும்போது, "தம்பி, கோர்ட்டுல உங்க அண்ணன் பேரைக் காப்பாத்துங்க" என்றார்கள். நான் ரசம் கேட்டேன்.

யோசித்துப் பார், அண்ணே. நாளைக்கு நான் வாயைத் திறந்தால் இந்தப் பெண்ணிடம் உன்னில் மிச்சமிருக்கிற ஒரே நல்லதும் போய்விடும். அவர்கள் என் வீட்டில் இருப்பார்களா? உண்மையை ஒளித்ததற்காக என்னையும் உள்ளே வைக்கலாம், ரயில்வே வேலை கட்டாயம் போகும். திறக்காவிட்டால் முனியன் தொங்குவான். பெண்டாட்டியைக் கொன்றதும் நீ, அவனைக் கொல்வதும் நீ என்றாகும். செத்த பிறகும் உனக்கு ஒரு பெரட்டு.

முனியனுக்காகச் சொல்லப் போகிறேனா, உன்மேல் இருக்கிற காட்டத்துக்காகச் சொல்லப் போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரியாமலே சொல்லப் போகிறேன். நீ முதலில் எடுத்ததைச் சொல்வேன். நான் சொருகியதைச் சொல்வேன், உன் கடைசி வார்த்தையையும் சொல்வேன். அண்ணி கோர்ட்டில் முன்வரிசையில்தான் உட்காருவார்கள், அவர்களுக்குக் கேட்கும்படி தமிழிலும் சொல்வேன்.

மழை பிடித்திருக்கிறது. காலையிலும் பெய்தால் உன் குடையை எடுத்துக்கொண்டு போகிறேன், இந்தத் தடவை எனக்கே பிடித்துக்கொள்வேன். ஜட்ஜ் துரை "சுத்தமா வச்சிருந்தேன்" என்றால் என்ன அர்த்தம் என்று கேட்பார். அன்றைக்குக் கடையில் சுருக்கிச் சொன்னதை, அண்ணே, நாளைக்கு ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்க்கிறேன். இது உன்மேல் சத்தியம்.

உன் சோற்றைத் தின்று வளர்ந்த,
உன் சுத்தத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்ற,
தம்பி கோவிந்தன்