காயாத இரண்டாம் பூச்சு

மோர்டன்,
பங்குனி 12

அன்பு மகள் ஆரணிக்கு,

மெல்பேர்னில் நீயும் மருமகனும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நாங்களும் நலம் என்று எழுதிப் பழகிய கைக்கு இன்று அது வரவில்லை. போன கிழமை உன் அம்மாவின் குளிக்கும் கதிரைக் கால் டைல்ஸோடு சேர்ந்து நிலத்துக்குள் இறங்கிவிட்டது, நல்லகாலம் அவரைப் பராமரிக்க வரும் கெயாரர் பிடித்துக்கொண்டாள். வீடு கட்டித் தந்த றஜீவன் மேல் வழக்குப் போடச் சொல்லி நீ கோபத்தோடு எழுதியிருந்தாய். அதைச் செய்யாதே பிள்ளை, குற்றம் என்னுடையது.

இந்த வீட்டில் அடியில் சீமெந்து இல்லை, மரச்சட்டமும் பலகையும்தான். குளியலறைப் பலகைக்குத் தண்ணீர் புகாத பூச்சு இரண்டு தரம் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகே டைல்ஸ் ஒட்டவேண்டும். ரெண்டாவது பூச்சு இன்னும் ஈரம் அண்ணை, ரெண்டு நாள் பொறுங்கோ, மரம் தண்ணியைக் குடிச்சா பிறகு ஒண்டும் செய்யேலாது எண்டு அவன் கெஞ்சினான். ஐயர் குறித்த குடிபுகும் நாளோ வெள்ளிக்கிழமை, அதை விட்டால் ஆவணி வரைக்கும் நாளில்லை, பக்கவாதத்தோடு அம்மா ஆஸ்பத்திரியில் எப்போது வீடு எப்போது வீடு என்று கேட்டபடி இருந்தார். ஒட்டடா எண்டு நான்தான் சத்தம் போட்டேன். நல்ல நேரம் பார்த்துப் பாலும் காய்ச்சினோம். இரண்டு வருடமாக அம்மாவின் தலையில் வாளி வாளியாக வார்த்த தண்ணீரெல்லாம் அடிப்பலகைக்குத்தான் போயிருக்கிறது. நேற்று றஜீவன் வந்து ஒரு டைல்ஸைக் கிளப்பினான், பலகை நனைந்த பிட்டாக உதிர்ந்தது, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே இருக்கும் சட்டம்வரை உளுத்துவிட்டதாம். அவன் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

முழு நிலத்தையும் கிளப்பித் திருத்த ஆறு மாதமாவது வேண்டுமாம். அம்மாவுக்கு அவ்வளவு காலம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவரைக் குரோய்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் விடுகிறோம். அவர் தன் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்றுதான் பழைய வீட்டை இடித்தே கட்டினேன், என் அவசரமே அவரை வெளியே அனுப்புகிறது. இனிச் செய்ய ஒன்றுமில்லை பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் திரியாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா போனில் கேட்டால், நிலம் திருத்த ரெண்டு மாதம்தான் எண்டு சொல்லு, நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவர் அதை நம்பி, ரெண்டு சேலை போதும் எண்டு பெட்டியை மூடிவிட்டார்.

உன்னையே நினைத்தபடி,
அப்பா
குலசேகரம்