டிபன் பாக்ஸில் குலுக்கிய கரி

இன்று காலை ஒரு விற்பனைக்காரர் என் மேஜையில் ஆக்டிவேட்டட் கார்பன் சாம்பிளைக் கொட்டினார். பென்சிலை நறுக்கிப் போட்டது போலக் கறுப்புத் துண்டுகள். ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தேன். விரல் கறுத்தது. உடனே உன் மேல் கோபம் வந்தது. உன்னை நினைத்தால் இப்போதும் முதலில் வருவது அதுதான்.

"அயோடின் நம்பரப் பாருங்க சார், இந்த ரேட்டுக்கு யாரும் தர மாட்டாங்க" என்றார். தண்ணீரைச் சுத்தம் செய்கிறவன் பார்க்க வேண்டிய எண் அது. நம் திண்டிவனம் பிரிண்டிங் யூனிட்டில் மை காயும்போது கிளம்பும் சால்வென்ட் ஆவியை அல்லவா டேங்குக்குள் இருந்து இந்தக் கரி பிடிக்க வேண்டும்! பிறகு நீராவி விட்டால் திருப்பித் தர வேண்டும். "புடிச்சா மட்டும் போதாதுடா, வுடவும் வுடணும். அதுக்குள்ள ஒடையவும் கூடாது" என்பாய்.

விழுப்புரம் திரும்பும் ரயிலில் நம் சட்டையெல்லாம் அந்தச் சால்வென்ட் வாசனை. வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கிற அக்கா மூக்கைச் சுளிப்பார். "இன்னா தம்பி, நெயில் பாலிஷ் போட்டுக்கினு வர்றீங்களா?" நீ என்னைக் கைகாட்டுவாய். "நான் இல்லக்கா, இவன்தான்."

சாம்பிள் வந்தால் உன் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்குவாய். சோறு தின்கிற டப்பாவில் ஏண்டா என்றால், "ஒடையறது இங்கியே ஒடையட்டும். டேங்க்ல ஒடைஞ்சா நாமதான் எறங்கணும்" என்பாய். போன முறை கரி வாங்கும்போதும் மேனேஜர் முன்னால் குலுக்கிக் காட்டினாய். மேனேஜர் சிரித்தார். "கரியில இன்னாப்பா ஒசத்தி, தாழ்த்தி? பேஜார் பண்ணாத." மலிவானதையே வாங்கினார்கள். நீராவி பட்டுப் பட்டு அது மாவாகி, டேங்கின் அடியில் காற்று போகும் வழியை அடைத்தது. ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும்.

மூடிய டேங்குக்குள் ஈரக் கரி ஆக்சிஜனைக் குடித்துவிடும் என்று கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாடம் எடுத்தவனே நீதானேடா! ரிப்பேருக்குப் போன ஆக்சிஜன் மீட்டர் மறுநாள் வந்துவிடும் என்றும் உனக்குத் தெரியும். எனக்கு அன்று லீவு. போனில் சொன்னாய்: "ஜல்தி முடின்றாங்கடா. கான்ட்ராக்ட் ஆள எறக்கச் சொல்றாங்க. அதுக்கு நானே ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வந்துர்றேன்." முடியாது என்று சொல்ல அவ்வளவு நேரம்கூட ஆகாதே! பாவம் பார்த்து அவனை அனுப்பவில்லை, சரி. உன்னைப் பாவம் பார்க்க யார் இருந்தார்கள்?

உன்னை உயிரோடு வெளியே எடுக்கவில்லை. பிறகு, "ஹார்ட் வீக்காம்" என்றார்கள். நகர்கிற ரயிலில் தினமும் ஓடி ஏறுகிறவனுக்கு!

உன் அம்மா எனக்குக் கொடுத்த அந்த டப்பாவில்தான் இன்று சாம்பிளைப் போட்டேன். மேனேஜர் அறைக்குள் போய், அவர் முகத்துக்கு நேரே குலுக்கினேன். மூடியைத் திறந்து, அவர் மேஜைக் கண்ணாடி மேல் கவிழ்த்தேன். பாதி தூள்.

"இதுக்கு யார சார் உள்ள எறக்குவீங்க?"

"ஏன்பா, கத்தாத."

"யாரன்னு சொல்லுங்க."

அவர் தூளைப் பார்த்தார். "அந்த சேல்ஸ் ஆள அனுப்பிடு. ஒடையாததா பாத்து வாங்கு." உன் பெயரை மட்டும் சொல்லவில்லை. நான் சொன்னேன், சத்தமாக. மீட்டர் இல்லாமல் இனி எந்த டேங்க் மூடியும் திறக்காது என்பதையும் சேர்த்து.

டப்பாவை எவ்வளவு தேய்த்தாலும் மூடி இடுக்கில் கறுப்பு போகவில்லை. நாளைக்கும் எனக்கு அதில்தான் சோறு.