நீலக் கோட்டும் பள்ளிக்கூடத்துத் தாளும்

லாரல் ஓடை,
மேற்கு வர்ஜீனியா,
டிசம்பர் 21, சனிக்கிழமை

அன்பு மகன் ஹார்லனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் டெஸியும் நல்ல மூச்சோடும் நல்ல பசியோடும் இருக்கிறோம், அங்கே வடக்கு டகோட்டாவின் பனிக்காற்றில் நீயும் அப்படியே இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் கம்மியிருந்தது, எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும்போது காலுக்கு இரண்டு காலுறை போடு, டப்பாவில் வருவதையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் சிரிக்காதே, என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது உனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் நேற்று பதினொரு மணியோடு குளிர்கால விடுமுறைக்கு மூடிவிட்டார்கள். இனி ஜனவரி ஆறு, திங்கட்கிழமைதான். டெஸி இரண்டாம் வகுப்பிலேயே வாசிப்பில் முதலாவது, விட்டேக்கர் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், நான்காம் வகுப்புப் புத்தகத்தைத் தடுக்காமல் படிக்கிறாளாம். நான் தேவாலயத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, வேண்டாதவர்களிடம் இரண்டு தடவை சொன்னேன். மாதாமாதம் பள்ளிக்கூடம் அனுப்புகிற செய்தித்தாளை அவள்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறாள், நான் பீன்ஸ் உரித்துக்கொண்டே கேட்பேன். இந்த மாதத் தாள் பச்சை நிறம். வியாழக்கிழமை பாட்டு நிகழ்ச்சி, வெள்ளிக்கிழமை படுக்கிற உடுப்போடு வகுப்புக்கு வரலாம், நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தரவேண்டும், கையுறை இல்லாத பிள்ளைகளுக்காக ஒரு மரத்தில் கையுறை தொங்கவிடுகிறார்கள். எல்லாம் படித்தாள். ஒன்றை மட்டும் படிக்காமல் விட்டாள், அது அப்போது எனக்குத் தெரியாது. படித்து முடித்ததும் வழக்கம்போல உனக்கு அனுப்ப உறையில் போட்டு நாக்கால் ஒட்டினாள், இந்தத் தடவை என்னைத் தொடக்கூட விடவில்லை. அது டிசம்பர் இரண்டாம் தேதி. உனக்கு வந்திருக்கும் ஹார்லன். நீ அதைப் பிரித்தாயா? இதை நான் சண்டைக்குக் கேட்கவில்லை.

அந்த வாரமே அவளுடைய நீலக் கோட்டு காணாமல் போனது. அவள் அம்மா ட்ரினா போன ஜனவரியில் கடைசியாகக் கடைக்குப் போனபோது வாங்கியது, உனக்கு நினைவிருக்கும், நீதான் வண்டியை வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினாய். நிற்க முடியாதவள் இரண்டு அளவு பெரிதாகப் பார்த்து எடுத்தாள், அடுத்த வருஷமும் தாங்கட்டும் அத்தை என்றாள், அடுத்த வருஷம் தான் இருக்கமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கழுத்துப் பட்டைக்குள் சலவையில் அழியாத மையால் டெஸி என்று எழுதினாளே, அந்தக் கோட்டு. எங்கே என்று கேட்டால் இந்தப் பெண் தெரியல பாட்டி என்கிறாள், முகத்தைப் பார்க்காமல். நான் திட்டினேன். உங்க அம்மா வாங்கினதடி, அவ கை பட்டதுன்னு இனி என்னடி இருக்கு என்று கத்திவிட்டேன். அவள் அழவில்லை, வெறும் ஸ்வெட்டரோடு பேருந்துக்கு ஓடினாள். என் கம்பளிச் சால்வையைச் சுற்றி அனுப்பினால் சாயங்காலம் அதைப் பையில் மடித்துக் கொண்டுவருகிறாள்.

இனி எழுதுவது எனக்கு வெட்கம், ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து வாசலில் பக்கத்து வீட்டு வான்டாவின் பேத்தி அதே நீலத்தில் ஒரு கோட்டுப் போட்டு நின்றாள். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, எல்லார் முன்னாலும் அந்தக் குழந்தையின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் எழுதியில்லை. வான்டாவின் முகம் சுண்டிப்போனது. ஏன் ஓப்பல், நாப்பது வருஷமா ஒரே ஓடைத் தண்ணியைக் குடிக்கறோம், எம் பேத்தி திருடுவான்னா நெனச்சே என்றாள். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதுக்கென்ன, பார்த்தா தேய்ஞ்சா போயிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன், என் வாய் உனக்குத் தெரியாததா. டெஸி அன்றைக்குச் சாப்பிடவில்லை. சோளரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து ஓரத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை பாட்டு நிகழ்ச்சி. நான் உடற்பயிற்சிக் கூடத்துப் பக்கக் கதவு வழியாகவே போய்த் திரும்பினேன், ஆபீஸ் பக்கம் போகவில்லை, போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒரு வீட்டுக்கு இரண்டு நாற்காலி. என் பக்கத்து நாற்காலியில் அவள் தன் கழுத்துத் துணியை வைத்து, யார் கேட்டாலும் ஆள் இருக்குன்னு சொல்லு பாட்டி என்றாள். ஆர்வில் வாத்தியார் நின்றுகொண்டு பார்த்தார், கால் வலிக்காரர், நான் கொடுக்கவில்லை. பாடும்போது அவள் மேடையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

நேற்றுக் காலை பனி கொட்டியதால் பேருந்துக்கு விடவேண்டாம் என்று நானே அழைத்துவரப் போனேன். ஆபீஸுக்கு வெளியே ஒரு நீள மேசை, பிள்ளைகள் விட்டுப்போன தொப்பி, ஒற்றைக் கையுறை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் குவிந்து கிடந்தன. கூட்டிப் பெருக்குகிற ராஸ்கோ ஒவ்வொன்றாக எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். குவியலுக்கு அடியில் நீலம் தெரிந்தது. இழுத்தேன், ட்ரினாவின் எழுத்து. மற்றதெல்லாம் கசங்கிக் கிடக்க இது மட்டும் கடையில் மடித்த மாதிரி இருந்தது. பட்டையில் ஊசி குத்தி ஒரு துண்டுக் காகிதம். என் அப்பா பேர் ஹார்லன், அவர் தூரத்திலிருந்து வருவார், யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று பென்சிலால் எழுதியிருந்தது.

கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே டீச்சரைக் கூப்பிட்டேன். விட்டேக்கர் டீச்சர் ஓடிவந்து அந்தப் பச்சைத் தாளை எடுத்துக் காட்டினாள், எழுத்துக்கூட்டி நானே படித்தேன். காணாமல் போன பொருள்களைப் பெற்றோர் நேரில் வந்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லவும், வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் மீதி இருப்பவை ஏழைகளுக்கான தேவாலயத்துத் துணிப்பெட்டிக்குப் போய்விடும். இதைத்தான் எனக்குப் படிக்காமல் விட்டிருக்கிறாள். உனக்கு அனுப்பிய தாளில் இந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு மெழுகுக் குச்சியால் வட்டம் போட்டாளாம், டீச்சரிடம் அவளே சொன்னாள். அப்பா படிச்சா வந்துடுவாரு, அம்மா கோட்டை யாருக்கும் விடமாட்டாரு என்றாளாம். இருந்த ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டு மூன்று வாரம் குளிரில் நடுங்கியிருக்கிறாள் ஹார்லன். நான் திட்டியபோதும் வாய் திறக்கவில்லை. நான் வான்டாவின் குழந்தையைச் சந்தி சிரிக்க வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதுதான் அவளைச் சாப்பிட விடவில்லை.

டீச்சர் நோட்டைத் திருப்பிப் பேனாவைக் கொடுத்தாள். பொருள் நீலக் கோட்டு, பிள்ளையின் பெயர் டெஸி, எடுத்துச் செல்பவர் என்று ஒரு கோடு. பாட்டி போட்டாலும் போதும்மா, அது சும்மா எழுதற வழக்கம் என்றாள். அதற்குள் டெஸி படுக்கிற உடுப்போடு வகுப்பிலிருந்து வந்துவிட்டாள். நீ போடாதே பாட்டி, தாள்ல பெற்றோர்னுதான் இருக்கு, பாட்டின்னு இல்ல என்றாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். மணி பதினொன்றாக ஐந்து நிமிஷம். ராஸ்கோ மூட்டையை வைத்துக்கொண்டு நின்றான், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்தான். என் பெயரை நான் நன்றாகவே எழுதுவேன், ஐந்தாவது வரைக்கும் அதற்குத்தான் போனேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். டீச்சர் கோட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள், ஜனவரி ஆறு வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், அன்னிக்கு எட்டு மணிக்கே திறந்து வைக்கிறேன் என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்கும் பிள்ளைகள் உண்டு.

திரும்பும்போது என் கோட்டை அவளுக்குப் போட்டேன், தரையில் இழுபட்டது. நான் உன் அப்பாவின் வேட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். பதினாறு நாள் லீவு பாட்டி, அங்கேயிருந்து வண்டியில வர ரெண்டு நாள்தானே என்றாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? போகிற வழியில் வான்டா வீட்டுக் கதவைத் தட்டினேன். தப்பு என்னுதுதான் என்று சொன்னேன், அவள் உடனே சமாதானம் ஆகவில்லை, ஆனால் குழந்தைக்குச் சூடாகப் பால் கொடுத்தாள்.

ட்ரினா இல்லாத வீட்டுக்குள் உன்னால் நுழைய முடியவில்லை என்று எனக்குத் தெரியும். நான் உன்னைப் பெற்றவள், சவப்பெட்டி இறங்கும்போது நீ நின்ற நிலையைப் பார்த்தவள். வீட்டுக்கு வரவேண்டாம் மகனே. படியேற முடியாவிட்டால் ஏறாதே. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் வா, அங்கே அவள் நினைவு ஒன்றும் இல்லை, அந்தக் கோட்டைத் தவிர. அடுத்த குளிருக்கு அது டெஸிக்குப் பத்தாது, கை இப்போதே மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

மலைப்பாதையில் ஐஸ் பிடித்திருக்கும், சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு ஓட்டு, தூக்கம் வந்தால் ஓரம் கட்டு. நடக்கிற காலையும் பிடிக்கிற கையையும் கர்த்தர் காக்கட்டும், உன்னை ஒரு துண்டும் குறையாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஜனவரி ஆறு, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. டீச்சரிடம் இன்னொரு பச்சைத் தாள் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். இதில் சிவப்பு வட்டம் போட்டது நான்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா,
ஓப்பல்